அரை மேனேஜரின் கைகள்

மனைவி ஒரு ஜாடி மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெறுங்கையால் திருகியாயிற்று, துணியைச் சுற்றித் திருகியாயிற்று, கரண்டிக் காம்பால் தட்டியும் பார்த்தாயிற்று. மூடி மசியவில்லை. சமையலறை வாசலில் கதவுநிலையில் சாய்ந்தபடி கணவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் மேல்சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

“வெந்நீர்ல கொஞ்ச நேரம் கவுத்து வச்சுட்டுத் திருகிப் பாரேன்.”

“யோசனை சொல்ல ஆள் வேணும்னு நான் கேட்டேனா? வந்து திறந்து குடுங்க.”

“கூடாது. நான் பாக்கலாம், சொல்லலாம், தொடக் கூடாது. அடுத்த வாரம் பரீட்சை.”

“நல்லா வந்துச்சு பரீட்சை,” என்று மனைவி ஜாடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். பைக்குள் இருந்த கைகள் துறுதுறுத்தன. கணவர் அவற்றை உள்ளேயே வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு மூடியைத் திறக்காமல் இருப்பதற்குப் பயிற்சி எடுக்கும் ஆள் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

வயது நாற்பத்தேழு, தொழில் மாணவர். யாராவது விசாரித்தால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் போகிற போக்கை ரசிப்பது அவர் வழக்கம். அதற்கு முன்னால் பாதி ஆயுளுக்கு மரம் வெட்டுகிறவராக இருந்தார். ஒரு நாள் மரம் ஒன்று பதிலுக்கு அவர் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. இனிமேல் சரிவில் நின்று ரம்பம் பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வேறு எதுவும் தெரியாத மனிதர், வன மேலாளர்களை உருவாக்கும் உயர் தொழிற்கல்விக் கழகத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடப் படிப்பு. பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் காடு. எந்த மரம் நிற்க வேண்டும், எது போக வேண்டும், அதை யார், எப்போது, எந்த வழியாக வெட்டி எடுப்பது, வெட்டின இடத்தில் என்ன நடுவது, நடுவில் ஓடும் ஓடையைச் சேறாக்காமல் எப்படிக் காப்பது என்று ஒரு காட்டுக்கே பொறுப்பேற்கிற வேலைக்கான படிப்பு அது. நாற்றுப்பண்ணையிலிருந்தும் அளவை அலுவலகத்திலிருந்தும் லாரி ஓட்டுவதிலிருந்தும் வந்தவர்கள் கூடப் படிக்கிறார்கள். எல்லாரும் அவரைவிட இளையவர்கள். படிப்பு முடியவில்லை என்பதால் தனக்குத்தானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டார்: அரை மேனேஜர். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நேரே முன்னால் போய், “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார். வந்தாச்சு என்றார்கள். “நல்லது, உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கடைசி வரிசைக்கு நடந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு உண்மையான ஆசிரியை உள்ளே வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குற்றத்தை அந்த அம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

கணினி அவருக்கு ஜென்ம விரோதி. “மரத்த ஒரு பார்வை பாத்தா உயரம் சொல்லிடுவேன். அதையே எக்செல்ல போடச் சொன்னாங்கன்னா, என் மரம் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வருது,” என்பார். வரைபட வகுப்பில் ஒருமுறை அவர் போட்ட வெட்டுப்பாதை ஏரிக்கு நடுவாகப் போனது. திரையில் அதைப் பார்த்து வகுப்பே சிரித்தபோது, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர். ஆனால் வீட்டுக்கு வரும் பேருந்தில் முகம் தொங்கிப்போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டார்.

தெருவில் போகும்போது மரங்களைச் சும்மா விடமாட்டார். சுற்றளவு பார்க்கிறேன் என்று கட்டிப்பிடிப்பார். பூங்காவில் ஒரு பெண்மணி இதைப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு பாதையில் போனதும் உண்டு. மனிதர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கியடித்தால் மனைவியின் காதில், “இதுல நாலு பேர எடுத்துட்டா மத்தவங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். நல்லா வளருவாங்க,” என்பார். “முதல்ல யார எடுக்கணும்?” என்று மனைவி கேட்டால், “வளைஞ்சது, அடிபட்டது, இனிமே வளராதது. மொத்தத்துல என்னத்தான்,” என்பார்.

எல்லாவற்றையும்விட அவரைப் பாடாய்ப்படுத்தியது ஆட்களை நடத்துவது பற்றிய பாடம். முன்பு வனத்துறையில் பெரிய பொறுப்பில் இருந்த அந்த ஆசிரியை, கண்டிப்பதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அப்புறம் குறையை, கடைசியில் மறுபடியும் நல்லது ஒன்று. அரை மேனேஜர் அன்றைக்கே வீட்டில் சோதித்தார்.

“டீ நல்ல சூடா இருக்கு. சர்க்கரை போட மறந்துட்ட. தம்ளர் ரொம்பச் சுத்தமா இருக்கு.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “முகம் களையா இருக்கு. வாய்தான் சரியில்ல. சட்டை நல்லா தைச்சிருக்காங்க,” என்றார். அந்தச் சட்டையைத் தைத்தவர் மனைவியேதான். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தொழிற்சாலைக்காரர்களுக்கு வேலை உடுப்பு தைத்துக் கொடுக்கிறார். இரண்டு வருடமாகக் குடும்பம் ஓடுவது அந்த மெஷின் சத்தத்தில்தான். அது அரை மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் கேலி பேசியதில்லை.

படிப்பின் கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு காட்டுத் துண்டைக் கொடுத்து, வெட்டும் குழு ஒன்றையும் கொடுத்து, ஒரு முழு நாள் வேலையை நடத்தச் சொல்வார்கள். ஒரே ஒரு கண்டிப்பான விதி: நடத்துகிறவர் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. தொட்டால் அங்கேயே தேர்வு முடிந்தது. “ரம்பத்தக் கையில எடுத்தவன் கண்ணுக்கு ஒரு மரம்தான் தெரியும். உங்களுக்குக் காடு முழுக்கத் தெரியணும்,” என்பார் ஆசிரியை.

இதெல்லாம் ஒரு தேர்வா என்று முதல் தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். மதியம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு புதிய ஆள் ரம்பத்தைக் கோணலாகப் பிடித்து மரத்தை அறுக்கத் திணறிக்கொண்டிருந்தார். அரை மேனேஜர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அடுத்து அவருக்கு நினைவு வந்தபோது மரம் அழகாக, போட்ட கோட்டிலேயே படுத்திருந்தது, ரம்பம் அவர் கையில் இருந்தது, ஆசிரியை பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எப்போது வாங்கினோம், எப்படி அறுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. “கை என்னக் கேக்கவே இல்ல,” என்று வீட்டில் வந்து சொன்னார். “ரெண்டு வருஷப் படிப்ப அது ஒரே இழுப்புல இழுத்துப் போட்டுடுச்சு.”

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதிலும் தேறவில்லை என்றால் சான்றிதழ் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வன நிறுவனம் இந்த ஆண்டு தேறுகிறவர்களுக்கென்றே ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தது. அதுவும் கைநழுவிப் போய்விடும். பழைய வேலைக்குத் திரும்ப முழங்கால் விடாது. மிச்சம் இருப்பது மரக்கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிக்குத் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுகிற வேலை. “அதுக்குக் கையால கம்பத் தொடலாம். எனக்கு ஏத்த வேலைதான்,” என்று சிரித்தார். பயந்துபோயிருந்தார் என்பது மனைவிக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவருடைய காட்டு மேல்சட்டையை வாங்கிப் பைகளைப் பிரித்துப் புதிதாகத் தைத்தார். கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. வாய்ப்பக்கம் இறுக்கமாக இருந்தது.

“என்ன இது, கை மாட்டிக்குது.”

“மாட்டிக்கணும். கை வெளிய வர்றதுக்குள்ள மூளை முந்திக்கட்டும்.”

வீட்டிலும் அதைப் போட்டுப் பழகத் தொடங்கினார். ஜாடி மூடி, குழாய்க் கசிவு, ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாமே தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த நேரம் பார்த்து இன்னொரு செய்தி வந்தது. தேர்வுக்கு வரப்போகும் வெட்டுக்குழு மைத்துனருடைய குழு. மனைவிக்கு அண்ணன். இவரும் அவரும் வருடக்கணக்கில் ஒரே சரிவில் சேர்ந்து மரம் வெட்டியவர்கள். தொழில் சொல்லிக்கொடுத்து, தங்கையையும் கொடுத்தவர் அவர். முழங்கால் நசுங்கிய அன்று இவரைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை வரை இறக்கியவரும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் போய், அதைச் செய், இதைச் செய்யாதே என்று எந்த வாயால் சொல்வது?

மைத்துனருக்கோ கொண்டாட்டம். முந்தின நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். “நாளைக்கு உன்ன சார்னு கூப்பிடணுமா மாப்ளே? இல்ல, ஐயான்னு கூப்பிட்டா மார்க் கூடப் போடுவாங்களா?”

“மச்சான், நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் சொல்றத...”

“நீ சொல்லு, நான் கேக்கறேன். காதுல மூடி போட்டுக்கிட்டுக் கேக்கறேன்.”

மனைவி தையலிலிருந்து தலையைத் தூக்காமல், “அண்ணே, விளையாடாதீங்க. இது ஒண்ணுதான் இருக்கு எங்களுக்கு,” என்றார். மைத்துனர் சட்டென்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஊசியிலை மரங்களுக்கு நடுவே, பனி இன்னும் விலகாத வெளியில் குழு நின்றது. மைத்துனர், இன்னொரு வெட்டும் ஆள், இழுவை வண்டி ஓட்டும் பெண் என்று மூன்று பேர். கொஞ்சம் தள்ளி ஆசிரியை ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். அரை மேனேஜர் வரைபடத்தைக் காட்டி, காற்று எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும், விழும்போது எந்த வழியாக ஒதுங்க வேண்டும் என்று விளக்கினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“எந்த மரமாவது இன்னொரு மரத்துல சாஞ்சு மாட்டிக்கிட்டா யாரும் அடியில போகக் கூடாது. இழுவை வண்டி வந்து இழுக்கும். காது மூடி போட்டிருந்தா நான் கத்தறது கேக்காது. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினேன்னா ரம்பத்த நிறுத்தணும்.”

“ரெண்டு கையையும் தூக்கறது தோத்தவன் பண்றது மாப்ளே,” என்றார் மைத்துனர். வண்டி ஓட்டும் பெண் சிரித்துவிட்டார். அரை மேனேஜருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வேலை தொடங்கியது. கைகள் பைக்குள் போயின. மைத்துனர் முதல் மரத்தில், மரம் விழும் பக்கத்தில் போடும் முன்வெட்டைக் கொஞ்சம் தாழ்வாகப் போட்டார். வலது கை உள்ளே துள்ளியது. இன்னொருவர் ரம்பச் சங்கிலியைத் தளர விட்டிருந்தார். இடது கை துள்ளியது. வாயால் சொன்னார், திருத்திக்கொண்டார்கள். ஓடைக்கரையில் வண்டி இறங்கப் பார்த்தபோது மேட்டுப் பாதையைக் காட்டினார், முகவாயால். இரண்டு கையும் வீங்கிப்போன ஆள் மாதிரி நின்றுகொண்டு முகவாயால் ஒரு காட்டை நடத்துகிறோமே என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நடந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் மைத்துனர் வெட்டிய மரம் ஒன்று முழுதாக விழாமல் பக்கத்து மரத்தின் கிளைகளில் சாய்ந்து நின்றுவிட்டது. இழுவை வண்டி சரிவின் அந்தப் பக்கம் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. வந்துசேர நேரமாகும். மைத்துனர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு, சாய்ந்த மரத்துக்கு அடியில் புகுந்து, அதைத் தாங்கி நின்ற மரத்தை நோக்கி நடந்தார். தாங்குகிற மரத்தை அறுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து விழும். சீக்கிரம் முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து எத்தனையோ தடவை செய்த வேலைதான். ஒரு தடவை செய்தபோதுதான் முழங்கால் போனது.

“மச்சான்!” என்று கத்தினார். ரம்பம் உறுமத் தொடங்கிவிட்டது. காதில் மூடி. கையைத் தூக்க வேண்டும். இழுத்தார். கைகள் வரவில்லை. வலது கை எப்படியோ பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. இடது கை கையுறையோடு சேர்ந்து பையில் இறுகிவிட்டது. மனைவியின் தையல் அவ்வளவு நேர்த்தி. விந்தி விந்தி ஓடினார், மரத்துக்கு அடியில் போகாமல், மைத்துனரின் கண்ணில் படுகிற பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி, இன்னொரு கையைப் பையோடு பிய்த்தபடி. சர்ரென்று துணி கிழிந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின.

மைத்துனர் பார்த்தார். ஒன்றுமில்லை, போ என்று தலையை ஆட்டிவிட்டு ரம்பத்தை மரத்தில் வைக்கப் போனார். அரை மேனேஜர் நகரவில்லை. கைகளை இறக்கவும் இல்லை. ரம்பம் இருந்த தூரத்துக்கு நாலு எட்டு வைத்தால் போதும், பிடுங்கிவிடலாம். கைகள் அதைத்தான் கேட்டன. மேலே தூக்கியபடியே நின்றார்.

ரம்பம் நின்றது. மைத்துனர் காது மூடியைத் தூக்கினார். “என்ன மாப்ளே இது? நாம பண்ணாததா?”

“பண்ணிருக்கோம்.” ஆசிரியை எழுந்து நின்று பார்ப்பது தெரிந்தது. மண்டைக்குள் இருந்த பாடமெல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது. “ஹெல்மெட், உடுப்பு எல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்க மச்சான், ரொம்ப நல்லது. இப்ப மரத்துக்கு அடியில நிக்கிறீங்க, வெளிய வாங்க. காது மூடி சுத்தமா இருக்கு.”

மைத்துனர் வாயைப் பிளந்தார். “உனக்கு மண்டைல அடி கிடி பட்டுச்சா?”

“கால்லதான் பட்டுச்சு. உங்களத் தோள்ல தூக்கிட்டு இறங்க என்னால முடியாது மச்சான். வெளிய வாங்க.”

மைத்துனர் வெளியே வந்தார். வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு இன்னோர் அடிக்கட்டையில் உட்கார்ந்தார். வண்டி வரும்வரை எல்லாரும் சும்மா இருந்தார்கள். அரை மேனேஜருக்கு அந்தச் சும்மா இருத்தல் முழங்கால் வலியைவிட மோசமாக இருந்தது. கடைசியில் வண்டி வந்து, கம்பிவடத்தைக் கட்டி, தூரத்திலிருந்து இழுத்தது. மரம் சாதுவாக வழுக்கி எதிர்ப்பக்கம் படுத்தது. மைத்துனர் நின்றிருந்த இடத்தில் ஒரு சுள்ளிகூட விழவில்லை.

“பாத்தியா?” என்றார் மைத்துனர், திரும்பாமலே. “ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆகியிருக்காதுதான்,” என்றார் அரை மேனேஜர். கிழிந்த பையின் உள்துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே திணித்தார், அது மறுபடி வெளியே வந்தது.

ஆசிரியை பக்கத்தில் வந்தார். பேனாவை மூடியிருந்தார். போன தடவை பார்த்த அதே மூடல்.

“கருவி எதையும் தொடல, சட்டையத்தான் கிழிச்சிருக்கீங்க. அதுக்கு விதி இல்ல,” என்றார் ஆசிரியை. “தேறிட்டீங்க. மிச்ச வேலைய முடிச்சுட்டு வாங்க.”

அரை மேனேஜருக்கு மனைவியின் தையல் மெஷின்தான் நினைவுக்கு வந்தது, கண் கலங்கிவிட்டது. பனிக்காற்று என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் பனி காலையிலேயே போய்விட்டிருந்தது.

சற்று நேரம் கழித்து மைத்துனர் எழுந்தார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார், கோபம் ஆறாத நடையோடு. கயிற்றைச் சுண்டி ரம்பத்தைக் கிளப்பினார். மரத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக்கொண்டு, தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தபடியே காத்திருந்தார்.

மைத்துனர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அரை மேனேஜர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு மெதுவாகக் கையைப் பையிலிருந்து எடுத்து, வெட்டலாம் என்று தலையை அசைத்தார்.